மூன்று பூச்சும் ஒரு கோணல் இலையும்

பசிபிக் கடலில் இருக்கும் எங்கள் மௌகே தீவில் இயோவானே ஒருமுறை தன் வீட்டுப் பன்றிக்கும் வெள்ளையடித்துவிட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். பன்றி தானாகத்தான் போய்ச் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்தது. ஆனால் விழுந்த பன்றியைத் தூக்கி வெளியே விட்டவன், அதன் முதுகில் விட்டுப்போயிருந்த இடத்தையும் ஒரு மட்டை இழுத்துவிட்டுத்தான் கழுவினான் என்று அவன் மச்சான் கிமியோரா சத்தியம் செய்வான். கிமியோராவின் சத்தியத்தை நம்பி யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். ஆனாலும் இயோவானேயைத் தெரிந்தவர்கள் அதை முழுப் பொய் என்றும் தள்ள மாட்டார்கள்.

இப்போது அவனுக்கு எழுபத்தொன்று நடக்கிறது. இன்னும் ஏணி ஏறுகிறான். தாழை விழுதைக் கல்லில் வைத்து நசுக்கி, நார் பிரித்துத் தானே மட்டை கட்டிக்கொள்கிறான். கடையில் விற்கும் பிரஷ்ஷைத் தொட மாட்டான். இடது கைக்காரன். வேலையில் இறங்குமுன் முழங்கை வரைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வான். அப்படியும் விரல் நுனியெல்லாம் வெந்து உரிந்துதான் இருக்கும். தேவாலயத்தில் அடித்தொண்டைக்காரர்கள் வரிசையில் அவன் நிற்கும்போது, பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கும் அந்தக் கையைப் பார்த்தே சுண்ணாம்புக் கை என்று சொல்லிவிடலாம். அவன் பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

சுண்ணாம்பு எங்களுக்குக் கடலிலிருந்து வருகிறது. வருஷத்துக்கு ஒரு முறை ஊர் ஆண்கள் சேர்ந்து பவளக்கல் அள்ளி, குழி வெட்டி, விறகு அடுக்கி ஒன்றரை நாள் எரிப்பார்கள். வெந்த கல்லில் தண்ணீர் விட்டு நீற்றி, வீட்டுக்கு இத்தனை வாளி என்று பங்கு வைப்பார்கள். மற்றவர்கள் அந்த வாரமே அடித்துத் தீர்த்துவிடுவார்கள். இயோவானே தன் பங்கைத் தொட்டியில் கொட்டி, மேலே தண்ணீர் நிற்க விட்டு, அடுத்த வருஷம்தான் எடுப்பான். கட்டின பெண்டாட்டியும் ஊறின சுண்ணாம்பும் நாள் போகப் போகத்தான் பதமாகும் என்பது அவன் சொல். அதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவன் மனைவி அகாய்த்தி கையில் கிடைத்ததை எடுத்து அவன்மேல் எறிந்திருக்கிறாள்.

முதல் மட்டை, வீட்டு முன்னால் இருக்கும் அப்பா அம்மா கல்லறைக்கு. அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இவன் அடித்துக்கொண்டே அவர்களிடம் ஊர்க் கதை பேசுவான், அது மட்டும் கொஞ்சம் கூடுதல். பிறகு வெளிச்சுவர். கடைசியில் உள்சுவர், அதுதான் அவனுக்கு உயிர். சுண்ணாம்பைப் பழைய சட்டைத்துணியில் வடிகட்டி, ஒரு பிடி உப்பும் கூவைக்கிழங்குக் கஞ்சியும் துளி சலவை நீலமும் சேர்த்துப் பால் மாதிரி நீர்க்கக் கரைப்பான். சுவரை முதலில் தண்ணீரால் நனைப்பான். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது; ஈரம் இருக்கும் வரை அடியில் உள்ள கறையெல்லாம் அப்படியே பல்லைக் காட்டும். புதிதாக அடிப்பவன் பயந்துபோய் மேலும் மேலும் அப்புவான். இயோவானே மட்டையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். திரும்பி வரும்போது சுவர் காய்ந்து வெளுத்திருக்கும்.

இவ்வளவு பாடும் தூத்தாக்காவுக்காக. நர்ஸம்மா, பாதிரியாரின் மனைவி, தீவுச் சபைக்காரர் ஒருவர், இந்த மூன்று பேரும் வீடு வீடாக நுழைந்து சுத்தம் பார்க்கும் நாள் அது. பானையைத் திறப்பார்கள், கட்டிலுக்கு அடியில் குனிவார்கள், பன்றித் தொழுவத்தை மோந்து பார்ப்பார்கள். பெண்கள் பெட்டியிலிருந்து நல்ல விரிப்புகளை எடுத்துக் கட்டிலில் விரித்து வைப்பார்கள். முதல் பரிசு வாங்கிய வீட்டுக்காரன் ஒரு வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடக்கலாம். எதிர்வீட்டுக் கிமியோரா, அகாய்த்திக்குப் பெரியப்பா மகன். தச்சன், படகும் செய்வான், சவப்பெட்டியும் செய்வான். அவனுக்கும் இயோவானேக்கும் அந்தப் பரிசில் மட்டும்தான் சண்டை. மற்றபடி ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்.

அகாய்த்தியின் கைவேலை தீவுக்கே தெரியும். வெள்ளைத் துணியின்மேல் வேறு நிறத் துணியை இலையும் பூவுமாக வெட்டி வைத்துத் தைக்கும் விரிப்பு, திவாயிவாயி என்போம். தைக்கப் பலர் உண்டு, வெட்டுவதற்கு அவளிடம்தான் வருவார்கள். துணியை நாலாக மடித்து, கோடுகூடப் போடாமல் கத்தரியை விடுவாள். பிரித்தால் மைரேக் கொடி நாலு மூலைக்கும் ஓடியிருக்கும். அப்படி ஒரு விரிப்பு, தூத்தாக்காவை விட்டால், மூன்று காரியத்துக்குத்தான் பெட்டியை விட்டு வெளியே வரும். மகனுக்கு முதல் முடி வெட்டும்போது, கல்யாணத்தில், சாவில். போனவர்மேல் போர்த்தி அதோடேயே மண்ணில் வைத்துவிடுவோம். யார்மேல் எதைப் போர்த்துவது என்பதைப் பெண்கள் பல வருஷம் முன்னாலேயே மனசில் முடிவு செய்து வைத்திருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

நாற்பத்தெட்டு வயதில் அவள் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. துணிமேல் துணி தெரியவில்லை, கத்தரி ஒருநாள் விரலில் இறங்கியது. சில வாரம் பெட்டியைத் திறக்காமலே இருந்தாள். பிறகுதான் சுவரைக் கண்டுபிடித்தாள். முன்னறையில் கதவுக்கு நேர் எதிரே, காலை வெயில் முழுக்க விழும் சுவர். அந்த வெள்ளையில் தடித்த தச்சுப் பென்சிலால் கோடு இழுத்தால் அவளுக்குத் தெரிந்தது. மூக்கு சுவரில் உரச ஒரு மாதம் நின்று, நியூசிலாந்தில் வேலை செய்யும் மகள் தெகூராவின் கல்யாணத்துக்கென்று ஒரு மைரேக் கொடியை வரைந்தாள். துணியை மடித்து வெட்டுவதால் கால்பங்கு வரைந்தால் போதும். வீட்டிலேயே உன் சுவர்தான் எனக்கு நன்றாகத் தெரிகிறது என்று அவள் சொன்னாள். எந்தத் தூத்தாக்காவும் இயோவானேக்கு அப்படி ஒரு பரிசு கொடுத்ததில்லை. வெளியே போய்க் கல்லறையில் அம்மாவிடமும் சொல்லிவிட்டு வந்தான்.

கண் அறுவைக்குப் பெரிய ஆஸ்பத்திரி உள்ள ரரொத்தோங்காத் தீவுக்குப் போக வேண்டியிருந்தது. படத்தைத் துணிக்கு எடுத்துவிட்டுப் போகலாம் என்று அகாய்த்தி இருந்தாள். எங்கள் பக்கத்துக் கப்பல் சொன்ன நாளில் வந்ததே கிடையாது, எப்போதும் பிந்தித்தான் வரும். அந்த ஒரு முறை இரண்டு நாள் முன்னால் வந்து நின்றது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடினாள். படகில் கால் வைக்குமுன் திரும்பினாள்.

"மத்த மூணு சொவத்தையும் என்ன வேணா பண்ணிக்கோ. அதத் தொடாத. கண்ணு வரலேன்னா நான் கடைசியா வரைஞ்சது அதுதான்."

"நான் எதுக்குத் தொடப்போறேன்" என்றான் இயோவானே. அவன் மனசாரத்தான் சொன்னான்.

மூன்று வாரம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினான். கல்லறை அடித்தான், வெளிச்சுவர் அடித்தான், முன்னறையில் மூன்று சுவர் அடித்தான். மீந்ததைத் தென்னை மரங்களுக்கு இடுப்பு வரை அடித்தான். தூத்தாக்காவுக்கு முதல் நாள் காலையில் கிமியோரா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தான். பென்சில் கோடு நிறைந்த நாலாவது சுவர், மற்ற மூன்றுக்கும் நடுவே அழுக்கு வேட்டி மாதிரி நின்றது.

"மச்சான், வீடு பிரமாதம்டா. மூணு காலு உள்ள பன்னி மாதிரி இருக்கு. பன்னி நல்ல பன்னிதான், காலுதான் ஒண்ணு குறையுது."

சிரித்துக்கொண்டே அவன் போய்விட்டான். இயோவானே அந்தச் சுவர் முன்னால் குந்தி உட்கார்ந்தான். நீர்க்க ஒரே ஒரு பூச்சு அடித்தால் என்ன? நாளைக்கு அவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். பிறகு தண்ணீரால் நனைத்தால் கோடு மேலே தெரியப்போகிறது, பென்சிலால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பைப் பற்றி எனக்குத் தெரியாததா? கெட்டிக்காரனுக்குத்தான் இந்த மாதிரி யோசனை வரும். முட்டாள் என்றால் சும்மா இருந்திருப்பான்.

ஒரு பூச்சு அடித்தான். காய்ந்ததும் கோடுகள் அடியிலிருந்து அழுக்குப் போல மங்கலாகத் தெரிந்தன. அதற்குப் பழைய சுவரே தேவலாம் போலிருந்தது. அதனால் இரண்டாவது பூச்சு, கமிட்டிக்காக. அதுவும் காய்ந்த பிறகு, மற்ற மூன்று சுவரோடு வைத்துப் பார்த்தால் ஒரு சின்னக் குறை, கிமியோராவின் கண்ணுக்கு மட்டும் தெரியும் குறை. அதற்காக மூன்றாவது பூச்சு. கஞ்சி கூடப் போட்டு, கொஞ்சம் கெட்டியாகவே அடித்தான். கை ஓடும்போது மனசு எங்கே நிற்கிறது?

மறுநாள் நர்ஸம்மா அந்தச் சுவரைப் பார்த்துக் கண் கூசுகிறது என்றார். முதல் பரிசு, இரும்புத் தள்ளுவண்டி ஒன்று. ஊர் முழுக்க அதைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். எல்லோரும் போனதும் கதவைச் சாத்திவிட்டு ஒரு வாளித் தண்ணீர் எடுத்துச் சுவரை நனைத்தான். சுவர் கொஞ்சம் சாம்பல் பூத்தது. கோடு ஒன்றுகூட வரவில்லை. இன்னொரு வாளி. அதற்கும் வரவில்லை. அவன் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதே சாயங்காலம் தபால் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. ரரொத்தோங்காவிலிருந்து ரேடியோவில் சேதி. அகாய்த்திக்கு ஒரு கண்ணில் அறுவை முடிந்தது, கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. மற்றக் கண்ணுக்கு எதுவும் செய்வதற்கில்லை. பத்து நாளில் கப்பல். அந்த ஒரு கண் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். இயோவானே தலையாட்டினான். அந்தக் கண் திறக்காமல் போனால், அவள் கடைசியாக வரைந்ததை அழித்தவன் நான்தான். அது ஒன்றுதான் அவனுக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கிமியோரா தள்ளுவண்டியைக் குறை சொல்ல வந்தான். சக்கரம் கோணல் என்று ஆரம்பித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தான். இயோவானே கொப்பரைச் சாக்குகளை நனைத்து நனைத்து அந்தச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தான். காலையிலிருந்து ஊறிக்கொண்டிருந்தது. ஒரு சாக்கை அவன் விலக்கியபோது, அடியில், முழ நீளத்துக்கு, பச்சை நரம்பு ஓடுவதுபோல மெல்லிசாக ஒரு கோடு எழுந்து நின்றது. கடற்காற்று பட்டுச் சுவர் காய, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெள்ளைக்குள் இறங்கி மறைந்தது.

இயோவானே எல்லாவற்றையும் சொன்னான். கிமியோரா கேலி செய்யவில்லை. அவன் கேலி செய்யாமல் இருந்ததுதான் இயோவானேக்குப் பயமாக இருந்தது.

"நான் சொன்னதக் கேட்டா பண்ணின?"

"நீ சொன்னது ஒரு பூச்சுதான் மச்சான். மத்த ரெண்டும் நான்."

கிமியோரா எழுந்து வீட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது காதில் தச்சுப் பென்சில் இருந்தது.

எட்டு நாள் வேலை. காலையில் சாக்கு நனைத்துத் தொங்கவிடுவார்கள். நடுப்பகலில் ஒவ்வொன்றாக விலக்குவார்கள். ஒரு கோப்பை டீயில் பாதி குடிக்கும் நேரம் கோடு நிற்கும். அதற்குள் கிமியோரா அதன்மேலேயே இழுத்துவிட வேண்டும். சுவரில் தலை முட்ட இயோவானே, அதோ அதோ என்று விரல் காட்டுவான். தெரியுதுடா, கைய எடு என்று கிமியோரா வைவான். பரிசுக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுபோவதைப் பார்த்த ஊர், உள்ளே ஆரஞ்சுச் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று முடிவு கட்டியது. பாதிரியாரின் மனைவி ஒரு நாள் வேலியோரம் மெதுவாக நடந்து மோந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் மூக்குக்குச் சுண்ணாம்பு வாசனைதான் கிடைத்திருக்கும்.

கொடி முழுக்க வந்துவிட்டது, ஒரு இலையைத் தவிர. ஜன்னலுக்கு அடுத்த இலை. அங்கே காற்று நேராக அடிக்கும். சாக்கை விலக்குமுன்னே சுவர் காய்ந்துவிடும். ஜன்னலை அடைத்துப் பார்த்தார்கள், பாயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். கப்பல் வருகிற நாளும் வந்துவிட்டது. கிமியோரா பென்சிலை நீட்டினான்.

"இருபத்தாறு வருஷமா அவ வெட்டின எலை மேலதான் படுத்துத் தூங்கற. நீ போடு. என் தங்கச்சி எலைய நான் இட்டுக்கட்ட மாட்டேன்."

இயோவானே இடது கையில் பென்சிலைப் பிடித்தான். மட்டை பிடித்த கை. சுவர் முழுக்க ஒரே வீச்சில் அடிக்கும் கைக்கு ஒரு சாண் இலை வரைய வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டான். நடுவில் வயிறு வைத்தது, நுனி இரண்டாகப் பிளந்தது. கிமியோரா தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு, கிளிமீன் நல்லாத்தான் வந்திருக்கு என்றான். அழித்து வேறு போட நேரம் இல்லை, துறையில் சங்கு ஊதிவிட்டார்கள்.

அகாய்த்தி படகிலிருந்து தடித்த கண்ணாடியோடு இறங்கினாள். வந்தவள் அவனை ஏற இறங்கப் பார்த்து, என்ன இப்படி இளைத்துவிட்டாய் என்றாள். முகம் தெரிகிறது என்று புரிந்ததும் இயோவானே எல்லோர் முன்னாலும் அழுதான். அந்த அழுகையில் புத்தி கெட்டு, அவள் மூட்டையைத் தூக்கி, கொண்டுபோயிருந்த புதுத் தள்ளுவண்டியில் வைத்தான். கிமியோரா முழங்கையால் இடித்தது பிந்திவிட்டது.

"யார் வண்டி இது?"

"நம்மதுதான். முதல் பரிசு."

அவள் ஒற்றைக் கண்ணால் வண்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"அந்தச் சொவரோடயா முதல் பரிசு குடுத்தாங்க?"

இயோவானே வண்டியை வேகமாக வீட்டுக்குத் தள்ளினான். உள்ளே போனதும் பழக்கத்தில் மூக்கைச் சுவரில் வைக்கப் போனவள், இப்போது தூரத்திலிருந்தே தெரிகிறது என்று உணர்ந்து பின்னால் நகர்ந்து நின்றாள். கொடியின் அடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். இது அண்ணன் கோடு, பலகை அறுக்கப் போட்ட கோடு என்றாள். கிமியோரா செருமினான். ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"மைரேக் கொடியில மீன் எப்பலேர்ந்து காய்க்குது?"

கிமியோரா பின்னாலேயே நடந்து கதவு வழியாகக் காணாமல் போனான். இயோவானே மூன்று பூச்சையும் சொன்னான், எதற்காக எது என்பதையும் சொன்னான். அவள் கோபப்படுவாள், ஏதாவது எடுத்து எறிவாள் என்று காத்திருந்தான். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"தொட மாட்டேன்னு சொன்ன" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. சேப்பங்கிழங்கு அவித்து வைத்தாள், கீரையில் தேங்காய்ப்பால் ஊற்றி வைத்தாள், பேசவில்லை. மூன்றாம் நாள் சுவரில் தாளை ஒட்டிப் படத்தை எடுக்க ஆரம்பித்தாள். இயோவானே சுரண்டுவதற்கு ஒரு சிப்பியை எடுத்துக்கொண்டு போய், அந்த இலையை எடுத்துவிடுகிறேன், இப்போதுதான் உனக்குக் கண் தெரிகிறதே, நீயே ஒழுங்காகப் போடு என்றான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாத" என்றாள் மறுபடியும்.

பச்சைத் துணியை நாலாக மடித்து வெட்டினாள். பிரித்தபோது நாலு பக்கத்திலும் நாலு கிளிமீன். இரண்டு வருஷம் உட்கார்ந்து தைத்தாள், இயோவானே அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நாலு மீனும் அவனைப் பார்த்தன. பிறகு தெகூராவின் கல்யாணம் வந்தது. அகாய்த்தி பெட்டியைத் திறந்து, புதிதாகத் தைத்த சிவப்புச் செம்பருத்தி விரிப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மைரே விரிப்பு பெட்டியின் அடியிலேயே கிடந்தது.

அது இயோவானேயைச் சுட்டது. மகளுக்கென்றே வரைந்ததை மகளுக்குக் கொடுக்கவில்லை என்றால், என் கோணலைச் சபையில் வைக்க அவளுக்கு வெட்கம். அப்படித்தான் அவன் எடுத்துக்கொண்டான். வருஷா வருஷம் தூத்தாக்காவுக்கு எல்லா விரிப்பும் கட்டிலுக்கு வரும், அது வராது. அதை எப்போது வெளியே எடுப்பாய் என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது கேட்பான். அதுக்கு நேரம் வரல என்பாள். எப்போது வரும் என்று கேட்டால் வெற்றுச் சிரிப்பு. இன்னும் மன்னிக்கவில்லை என்று கிமியோராவிடம் சொல்லிப் புலம்புவான். பொம்பளைங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா நான் ஏன் சவப்பெட்டி பண்ணிப் பிழைக்கிறேன் என்பான் அவன்.

அந்தச் சுவரை மட்டும் அவளைக் கேட்காமல் அவன் தொட்டதில்லை. மூன்று சுவரையும் முடித்துவிட்டு, வாசலில் மட்டையோடு நின்று, அதையும் அடிக்கட்டுமா என்று கேட்பான். அவள் கையை ஆட்டிய பிறகுதான் நனைப்பான். நனைத்ததும் மற்றக் கோடெல்லாம் எங்கேயோ போயிருக்கும், ஜன்னல் பக்கம் மட்டும் அவன் அழுத்தி இழுத்த அந்த வயிறு முதலில் தலை காட்டும். அவசர அவசரமாக அதன்மேல் மட்டையை இழுத்துவிடுவான்.

இப்படிப் பதினாறு வருஷம் ஓடியது. அறுபத்தாறாவது வயதில், அதே முன்னறையில் ஏணிமேல் நிற்கும்போது அவனுக்கு நெஞ்சைப் பிடித்தது. விழவில்லை, வாளியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சாய்ந்தான் என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறான். நர்ஸம்மா காதில் குழாயை வைத்துக் கேட்டார். முகத்தை மாற்றிக்கொள்ளாமல், நாளைக் காலை விமானத்தில் ரரொத்தோங்கா போயாக வேண்டும், ஆஸ்பத்திரியில் இதயத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு இடம்தான் இருக்கிறது, அகாய்த்தி வீட்டிலேயே காத்திருக்க வேண்டியதுதான். அன்று முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கிமியோரா ஒரு ஓரமாக உட்கார்ந்து அவன் உடம்பை நீளவாக்கில் பார்த்துக்கொண்டிருந்தான். அளவெடுக்கிறியா என்று இயோவானே கேட்டதும் எழுந்து வெளியே போனான். வேலியைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

காலையில் லாரி வருவதற்குமுன் இயோவானே பைக்குள் கையை விட்டான். நல்ல சட்டை மேலே இருக்கிறதா என்று பார்க்கத்தான். கையில் சட்டை படவில்லை, கனமாக மடித்த துணி பட்டது. இழுத்தான். வெள்ளைமேல் பச்சை, மைரேக் கொடி. மடிப்பு விலகி ஒரு கிளிமீன் அவனைப் பார்த்தது.

கட்டிலில் உட்கார்ந்தான். அகாய்த்தி அவன் பல்பொடியைத் தேடிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தவள் தேடுவதை நிறுத்தினாள்.

"இது எதுக்கு?" என்றான்.

"ஆஸ்பத்திரியில குளிருமாம்."

இரண்டு பேருக்கும் தெரியும், குளிருக்கு யாரும் இந்த விரிப்பைக் கொடுத்து அனுப்புவதில்லை. தீவை விட்டு வைத்தியத்துக்குப் போகிறவர் எப்படித் திரும்புவார் என்று தெரியாது. அங்கே வேறு யாருடைய துணியோ அவர்மேல் விழக் கூடாது. இயோவானே விரலால் அந்த இலையின் ஓரத்தைத் தடவினான். பொடிப் பொடியாகத் தையல், ஒன்றுகூடப் பிசகவில்லை. மற்ற இலைக்கு ஒரு வரிசை போட்டிருந்தாள். இதற்கு இரண்டு வரிசை போட்டிருந்தாள்.

"இத வெளிய எடுக்க உனக்கு வெக்கம்னு நெனச்சேன். பொண்ணுக்குக்கூடக் குடுக்கல."

"பொண்ணுக்கு எதுக்குக் குடுக்கணும்? ஊர்ல இருக்கற விரிப்பெல்லாம் நான் வெட்டினது. நீ போட்டது இது ஒண்ணுதான்." அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வெட்டின அன்னைக்கே உனக்குன்னு எடுத்து வெச்சிட்டேன். இத வேற யார் மேல கொண்டுபோய்ப் போர்த்துவேன்?"

அவனுக்குச் சாவு பயம் இருந்தது, நேற்றிலிருந்தே இருந்தது. ஆனால் அந்த நிமிஷம் பயத்தோடு பயமாக ஒரு சந்தோஷமும் வந்தது. பதினாறு வருஷம் தன்னை மன்னிக்கவில்லை என்று புலம்பிய முட்டாளை நினைத்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் நெஞ்சு வலித்தது, அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வெளியே லாரி ஹாரன் அடித்தது. அவள் விரிப்பை மடித்தாள். கோணல் இலை மேலே வரும்படி மடித்து, பையில் வைத்து, வாயை இழுத்துக் கட்டினாள். கட்டி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"திரும்பி வரும்போது இதக் கையில எடுத்துக்கிட்டு வா. மேல போர்த்திக்கிட்டு வராத."

நாலு வாரம் கழித்து விமானத்தின் படியில் முதலில் இறங்கியது இயோவானே. மெலிந்திருந்தான், நடை மெதுவாக இருந்தது. பையை வேறு யாரோ தூக்கி வந்தார்கள். விரிப்பு அவன் கையில்தான் இருந்தது.